கொடுத்த மருந்தா, நிறுத்திய மருந்தா? கடும் உடல் பருமனில் ஓர் அக்கா, ஒரு தம்பி: நிகழ்வு ஆய்வு

என் மேசை இழுப்பறையில் ஒரு சீட்டு கிடக்கிறது. இரண்டே வரி. "தம்பி: நன்றாகக் குறையும். அக்கா: 5 சதவீதம் தாண்டினால் அதிசயம்." ஜூன் முதல் வாரத்தில், இருவருக்கும் ஒரே நாளில் லிராகுளுடைடு ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு அன்று மாலை கிறுக்கியது. எடை குறைக்கும் மருந்து யாருக்குப் பலன் தரும், யாருக்குத் தராது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று எனக்கு நானே கட்டிய பந்தயம். பதினாறு வாரத்தில் தோற்றுவிட்டேன். தோற்றதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையில்லை. ஏன் தோற்றேன் என்று கோப்புகளைப் புரட்டியபோது, மருந்து பலித்ததாக நான் நினைத்த பக்கத்திலும் என் கணக்கு ஆட்டம் கண்டது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் குடும்ப மருத்துவம் பார்ப்பவன். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தை வைத்து இந்தியர்களைக் குடியேற்றக் கட்டிய ஊர் இது. என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் போனதால் என் தமிழ் கொஞ்சம் தப்பித்தது. இங்கே வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். சமையல், சாமி, உறவு, திட்டு ஆகிய நான்கும் மட்டும் தமிழில் வரும். இந்த இருவரும் அவர்களுடைய அம்மாவும் அதற்கு விதிவிலக்கு. அம்மாவுக்கு 76 வயது. அவர் இருக்கும் அறையில் வேறு மொழி பேசினால் கோபித்துக்கொள்வார். இருவரிடமும் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நோயாளிகள்

அக்காவுக்கு 51 வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் டக் ஷாப், அதாவது பிள்ளைகளுக்கான தின்பண்டக் கடை, நடத்துகிறார். விடிகாலை நாலரைக்கு எழுந்து ரொட்டி சுட்டு, பீன்ஸ் கறியும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்து, ஏழு மணிக்குக் கடையைத் திறந்துவிடுவார். எடை 118.4 கிலோ, உயரம் 157 செ.மீ., உடல் நிறை எண் எனப்படும் பிஎம்ஐ 48. சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2 சதவீதம். அவர் மருந்துச் சீட்டை அப்படியே தருகிறேன், பின்னால் இதற்குத்தான் திரும்பி வரவேண்டியிருக்கும்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, காலையும் இரவுமாகக் கலப்பு இன்சுலின் நாளொன்றுக்கு 86 யூனிட்; பாத எரிச்சலுக்காக இரவில் அமிட்ரிப்டிலின் 75 மி.கி.; ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில்; கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின்.

பசியைப் பற்றிக் கேட்டபோது, "காலையில ஒண்ணும் தோணாது டாக்டர். பதினோரு மணிக்குத்தான் பேய்ப் பசி. கையெல்லாம் நடுங்கும். ஒரு கூல்ட்ரிங்க் குடிச்சு, ரெண்டு வடை தின்னாத்தான் அடங்கும்" என்றார். அதை நான் 'பசி அதிகம்' என்று எழுதிக்கொண்டேன். கை நடுங்கியதை எழுதவில்லை.

தம்பிக்கு 47 வயது. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பெரும்பாலும் இரவில்தான் ஓட்டம். எடை 134.6 கிலோ, உயரம் 176 செ.மீ., பிஎம்ஐ 43 சொச்சம். சர்க்கரை நோய் இல்லை, எச்பிஏ1சி 5.8, அதாவது வாசற்படியில் நிற்கிறார். ரத்த அழுத்தம் உண்டு. பெரிய குறட்டை. கழுத்துச் சுற்றளவு 47 செ.மீ. பசியைப் பற்றி அவர் சொன்னது வேறு மாதிரி: "கால் ரொட்டி மட்டன் பன்னி சாப்பிட்டா வயிறு நிறையும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டுறதுக்குள்ள மறுபடி காலி." பன்னி என்பது ரொட்டியைக் குடைந்து கறியை நிரப்பித் தரும் டர்பன் சாப்பாடு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டர்பனிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர்தான்.

தைராய்டு சுரப்பு இருவருக்கும் சரியாக இருந்தது. கணைய அழற்சி, பித்தப்பைக் கல், குடும்பத்தில் தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய் எதுவும் இல்லை. ஊசி போடத் தடையில்லை.

ஏன் அப்படிக் கணித்தேன்

கண்ணை மூடிக்கொண்டு கணிக்கவில்லை. லிராகுளுடைடு 3 மி.கி. பற்றிய ஸ்கேல் ஆய்வுத் தொடரை எடுத்துக்கொண்டால், சர்க்கரை நோய் இல்லாதவர்கள் 56 வாரத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைந்தார்கள். மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்கள் 2.6. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதே மருந்து 6 சதவீதம்தான். இன்சுலின் போடுபவர்களுக்குத் தீவிர உணவு, உடற்பயிற்சி ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்தும் 5.8 தான். பிறகு வந்த வீரியமான மருந்துகளிலும் இதே கதை. செமாகுளுடைடு 2.4 மி.கி. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் 14.9 சதவீதம் குறைத்தது, இருப்பவர்களிடம் 9.6. டிர்செபடைடு 15 மி.கி. முறையே 20.9, 14.7. மருந்து மாறினாலும் இடைவெளி மறையவில்லை.

இந்த இடைவெளிக்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது சிறுநீர் விளக்கம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தினமும் கொஞ்சம் குளுக்கோஸ் சிறுநீரில் வீணாகப் போகிறது. மருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அந்த ஓட்டை அடைபடுகிறது. போன கலோரி உடம்பிலேயே தங்குகிறது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுப்பது மாதிரி. அதோடு இன்சுலின், கிளிக்லசைடு போன்றவை தாமே எடையைக் கூட்டும்.

அக்காவுக்குச் சாதகமாக ஒன்று இருந்தது: இவ்வகை மருந்துகளில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக எடை குறைகிறது. ஆனால் அதைத் தூக்கிச் சாப்பிட மறுபக்கம் நிறைய இருந்ததாக நினைத்தேன்.

தம்பி விஷயத்தில் இன்னொரு ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஆன்ட்ரெஸ் அக்கோஸ்டா குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் உடல் பருமனை நான்கு வகையாகப் பிரித்தார்கள். எவ்வளவு தின்றாலும் மூளைக்குப் போதும் என்று தோன்றாதவர்கள்; மனவேதனைக்குத் தின்பவர்கள்; நிறையத் தின்றாலும் வயிறு சீக்கிரம் காலியாகி மறுபடி பசிப்பவர்கள்; உடம்பு ஆற்றலை மெதுவாக எரிப்பவர்கள். வகை பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 15.9 சதவீதமும், வழக்கம்போலக் கொடுத்தவர்களுக்கு 9 சதவீதமும் குறைந்தது. மூன்றாவது வகைக்கு அவர்கள் தேர்ந்தது லிராகுளுடைடு. "பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டுறதுக்குள்ள காலி" என்று தம்பி சொன்னதும் என் மனசுக்குள் மணி அடித்துவிட்டது. பசித்த வயிறு! இவருக்கென்றே செய்த மருந்து!

இங்கே என் அவசரத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் வயிறு காலியாகும் வேகத்தை ஸ்கேன் வைத்து அளந்தார்கள். எவ்வளவு தின்றால் போதும் என்கிறார்கள் என்று உணவை வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஓய்வில் உடம்பு எரிக்கும் ஆற்றலையும் அளந்தார்கள். நான் அளந்தது ஒரு லாரி டிரைவரின் உவமையை. போதாக்குறைக்கு அது குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. வகை பார்த்துக் கொடுத்த குழுவும் வழக்கம்போலக் கொடுத்த குழுவும் தாமாக அமைந்தவை. படித்தபோது இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. நோயாளி எதிரில் உட்கார்ந்தபோது மறந்துபோனது.

நடந்தது

இருவருக்கும் ஒரே ஏணி: நாளொன்றுக்கு 0.6 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 0.6 கூட்டி, ஐந்தாவது வாரத்தில் 3 மி.கி. அக்காவுக்கு இன்சுலினும் இந்த ஊசியும் சேர்ந்து சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடுமோ என்ற பயத்தில், முதல் நாளே கிளிக்லசைடை நிறுத்தி, இன்சுலினை 86-இலிருந்து 50 யூனிட் ஆக்கினேன். இரண்டாம் வாரம், வாய் வறட்சியும் காலை மயக்கமும் இருந்ததால் அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து, அதே பாத எரிச்சலுக்கு டுலோக்செட்டின் கொடுத்தேன். எல்லாம் பாதுகாப்பு கருதிச் செய்தவை. எடைக் கணக்கில் இவை எப்படி வந்து விழும் என்று அப்போது யோசிக்கவில்லை. (இதைப் படிக்கும் யாரும் டாக்டரைக் கேட்காமல் இன்சுலினைக் குறைத்துவிட வேண்டாம். முதல் வகைச் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.)

அக்காவின் எடை: இரண்டாம் வாரம் 116.7, நான்காம் வாரம் 115.6, எட்டாம் வாரம் 112.6, பன்னிரண்டாம் வாரம் 110.1. நடுவில் ஆடி வந்தது. கோவில் கூழுக்கு அவர்தான் பொறுப்பு. பெரிய அண்டாவைக் கிண்டிவிட்டு ஒரு கரண்டி குடித்ததோடு போதும் என்று தோன்றியதாம். அம்மாவுக்கு அது அபசகுனமாகப் பட்டது. பதினாறாம் வாரம் 108.6. அதாவது 8.3 சதவீதம் குறைவு. அப்போது இன்சுலின் இரவில் மட்டும் 22 யூனிட்.

தம்பிக்குப் பதினாறாம் வாரம் 131.8. குறைந்தது 2.8 கிலோ, வெறும் 2.1 சதவீதம்.

இந்தப் பதினாறாம் வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துறையில் முன்கணிப்பு என்று உருப்படியாகக் கையில் இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஸ்கேல் ஆய்வுகளில், முதல் 16 வாரத்தில் 4 சதவீதமாவது குறைந்தவர்கள் வருட முடிவில் சராசரியாக 11 சதவீதம் அளவுக்குக் குறைந்தார்கள். அதை எட்டாதவர்கள் 3 சதவீதத்தோடு நின்றார்கள். ஆரம்பத்தில் கேட்கும் வயது, பால், பிஎம்ஐ, பரம்பரை என்ற நூறு கேள்விகள் தராத தெளிவை நாலு மாத எடை தருகிறது. அமெரிக்க விதி 16 வாரத்தில் 4 சதவீதம் எட்டாவிட்டால் நிறுத்து என்கிறது. ஐரோப்பிய விதி, முழு 3 மி.கி. அளவில் 12 வாரம் போட்டும் 5 சதவீதம் எட்டாவிட்டால் நிறுத்து என்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடும் உடல் பருமன் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வு இன்னும் கறாராகப் படிக்கட்டு வைத்தது: 16 வாரத்தில் 5, 32 வாரத்தில் 10, 52 வாரத்தில் 15 சதவீதம், எந்தப் படியில் தவறினாலும் மருந்து நிற்கும்.

இரண்டு விதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஐரோப்பிய விதியில் 'முழு அளவில்' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்தான் தம்பியைக் காட்டிக்கொடுத்தது.

பேனாக் கணக்கு

இந்த மருந்து வரும் பேனா ஒன்றில் 18 மி.கி. இருக்கும். நாளுக்கு 3 மி.கி. என்றால் ஒரு பேனா ஆறு நாள் வரும். மாதத்துக்கு ஐந்து பேனா. புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில், மருந்துக்கடையிலிருந்து தம்பி எத்தனை பேனா வாங்கினார் என்று விசாரித்தேன். மாதம் மூன்று. மூன்று பேனாவை முப்பது நாளால் வகுத்தால் 1.8 மி.கி.

"அண்ணே, எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். 2.4-க்கு ஏற்றிய வாரம், வான் ரீனன் கணவாய் ஏறும்போது வாந்தி வந்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருபத்தெட்டு டன். அன்றே 1.8-க்கு இறங்கிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. "நீங்க அவ்வளவு நம்பிக்கையா எழுதிக் குடுத்தீங்க டாக்டர், எப்படிச் சொல்றது?" என்றார். இதைக் கேட்டு எனக்குத்தான் வாந்தி வரும்போல இருந்தது. பேனாவை அவர் வைத்திருந்த இடமும் இன்னொரு கதை: லாரியின் கப்பிஹோல், அதாவது ஸ்டியரிங் பக்கத்துச் சாமான் பெட்டி. திறந்த பேனாவை ஒரு மாதம் வெளியே வைக்கலாம்தான், ஆனால் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்காலமானாலும் நண்பகல் வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே என்ன வெப்பம் இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஆக, பதினாறாம் வார எடையை மட்டும் வைத்து 'இவருக்கு மருந்து பலிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது தவறு. அவருக்கு அந்த மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. மருந்து பலிக்காதவர், மருந்து போடாதவர், மருந்து கெட்டுப்போனவர் மூவருமே தராசில் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

மறுபடி ஆரம்பித்தோம். புதிய பேனாக்கள், ஒரு சிறிய குளிர்ப்பை, ஓட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து அளவை ஏற்றுவது, இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்குவது. தீபாவளிக்குப் பிறகு முழு 3 மி.கி. அளவுக்கு வந்துவிட்டார். இம்முறை வாந்தி இல்லை. பேனாக் கணக்கு மாதம் ஐந்து, நானே எண்ணினேன். பன்னிரண்டு வாரம் கழித்து, தைப்பூசம் முடிந்த கையோடு எடை பார்த்தோம்: 129.7. மொத்தம் 4.9 கிலோ, 3.6 சதவீதம். இப்போது நேர்மையாகச் சொல்லலாம்: பலிக்கவில்லை. நிறுத்தினேன்.

நிறுத்துவதற்கு முன் ஒரு தயக்கம் இருந்தது. பலன் என்றால் கிலோ மட்டும்தானா? செமாகுளுடைடை வைத்து நடந்த செலக்ட் ஆய்வில், இதய நோய் ஏற்கெனவே உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. அந்தப் பாதுகாப்பு, எவ்வளவு எடை குறைந்தது என்பதைப் பெரிதாகப் பொறுத்திருக்கவில்லை. அப்படியானால் கிலோவை மட்டும் பார்த்து நிறுத்தும் விதி, இதய நோயாளி ஒருவருக்கு அநியாயமாக முடியலாம். தம்பிக்கு இதய நோய் இல்லை, மருந்தும் வேறு, காசும் அவர் சொந்தக் கையிலிருந்து மாதம் சில ஆயிரம் ராண்ட். நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு ஒன்று. தூக்க ஆய்வுக்கு அனுப்பியபோது கடுமையான தூக்க மூச்சடைப்பு என்று வந்தது. 47 செ.மீ. கழுத்தையும் குறட்டையையும் வைத்துக்கொண்டு, இரவில் கனரக வண்டி ஓட்டும் ஒருவரை, எடை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று ஏழு மாதம் காக்க வைத்திருந்தேன். சீட்டில் எழுதிய கணிப்பு தவறியதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. இப்போது மூச்சுக் கருவி போட்டுத் தூங்குகிறார். எடை குறைக்கும் இரைப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அக்காவின் பக்கம்

அக்கா ஒரு வருடத்தில் 101.2 கிலோவுக்கு வந்துவிட்டார். 17.2 கிலோ, 14.5 சதவீதம். எச்பிஏ1சி 7.1. இன்சுலின் அறவே இல்லை. 'அதிசயம்' நடந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில்தான் அவர் பழைய கோப்பை முதலிலிருந்து படித்தேன்.

இன்சுலின் ஆரம்பிப்பதற்கு முன், ஐந்து வருடத்துக்கு முந்தைய எடை: 104.3 கிலோ. முதல் ஆண்டு இன்சுலினில் ஏழு கிலோ கூடியிருக்கிறது. அமிட்ரிப்டிலின் ஆரம்பித்த ஆண்டில் இன்னும் ஐந்து. மிச்சம் சில்லறை. அதாவது நான் குறைத்த 17 கிலோவில் 12 கிலோவை, மருந்துச் சீட்டு எழுதிய கைகள்தான் ஏற்றியிருந்தன. அதில் ஒரு கை என்னுடையது.

பிறகு அந்தப் பதினோரு மணிப் பசி. கை நடுக்கத்தோடு வரும் பசி பசியா? காலையில் போட்ட கலப்பு இன்சுலின் உச்சத்துக்கு வரும் நேரம் அது, கூடவே கிளிக்லசைடு. சர்க்கரை கீழே இறங்குகிறது, உடம்பு அலறுகிறது, கூல்ட்ரிங்க்கும் வடையும் உள்ளே போகின்றன. பிறகு சர்க்கரை மேலே ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்சுலினைக் கூட்டுகிறோம். எச்பிஏ1சி 9.2 என்ற சராசரிக்குள் இந்தப் பள்ளமும் மேடும் ஒளிந்திருந்தன. அவரிடம் கேட்டேன், அந்தப் பசி எப்போது போனது என்று. "ரெண்டாவது வாரமே நின்னுபோச்சே டாக்டர்! நீங்க குடுத்த ஊசி அவ்வளவு நல்ல ஊசி" என்றார். இரண்டாவது வாரம் அவர் போட்டுக்கொண்டிருந்தது 1.2 மி.கி. முழு அளவில் பாதிகூட இல்லை. அந்த வாரம் முழுசாக மாறியிருந்தது இன்சுலினும் கிளிக்லசைடும்தான்.

எனவே கேள்வி இதுதான்: அக்காவுக்குப் பலித்தது கொடுத்த மருந்தா, நிறுத்திய மருந்தா? இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. இன்சுலினை அவ்வளவு குறைக்க முடிந்ததே லிராகுளுடைடு சர்க்கரையைப் பிடித்து வைத்திருந்ததால்தான். அமிட்ரிப்டிலினை மட்டுமாவது இரண்டு மாதம் முன்னதாக மாற்றி, எடையைப் பார்த்துவிட்டு ஊசியை ஆரம்பித்திருந்தால் ஒரு முடிச்சாவது அவிழ்ந்திருக்கும். நான் எல்லாவற்றையும் ஒரே பதினைந்து நாளில் செய்துவிட்டேன்.

ஆய்வுகள் சொல்லும் 'சர்க்கரை நோயாளிக்குக் குறைவாகக் குறையும்' என்பது பொய்யில்லை. ஆயிரம் பேரின் சராசரி அது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எடை எதனால் ஏறியது என்று கேட்காமல் அந்தச் சராசரியை அவர் தலையில் ஒட்டினேன். மருந்தால் ஏறிய எடையும் சோற்றால் ஏறிய எடையும் தராசில் ஒரே கிலோதான், இறங்கும் வழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மனநோய்க்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்புரோயேட், நீண்ட நாள் ஸ்டீராய்டு இவையும் இந்தப் பட்டியலில் உண்டு. எச்ஐவிக்கு இந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் சாப்பிடும் டொலுடெக்ராவிரும் சிலருக்கு எடை ஏற்றுகிறது. அதை நிறுத்தச் சொல்ல முடியாது, கூடாது. ஆனால் எடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாவது இருக்கலாம்.

2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்கப் பெண்களில் 68 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். ஐந்தில் ஒருவருக்கு பிஎம்ஐ 35-க்கு மேல். இத்தனை பேருக்கும் இந்த ஊசியைக் கொடுக்க அரசு மருத்துவமனையாலும் முடியாது, பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் எடைக்கென்று பணம் தருவதும் இல்லை. அதனால் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எங்களுக்கு ஆராய்ச்சிக் கேள்வியாக வருவதில்லை, வீட்டுக்கடன் தவணையோடு சேர்ந்து வருகிறது. இப்போது என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது: முதல் நாள் ஊசி எழுதுவதில்லை. முதல் வருகையில் மருந்துப் பையைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் எந்த வருடம் ஆரம்பித்தார்கள், அந்த வருடம் எடை என்ன என்று பக்கத்தில் எழுதுகிறேன். குறட்டையைக் கேட்கிறேன். பசி வரும் நேரத்தையும் அப்போது கை நடுங்குகிறதா என்பதையும் கேட்கிறேன். ஊசி ஆரம்பிக்கும் அன்றே, முழு அளவு எட்டிய பன்னிரண்டாம் வாரத் தேதியைக் குறித்து, அன்று நிறுத்த வேண்டி வரலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பேனா எண்ணுவது மருந்துக்கடைப் பெண்ணின் வேலை. என்னைவிட அவருக்கு நன்றாகக் கணக்கு வரும்.

அம்மா ஒரு நாள் தனியாக வந்து கேட்டார். "ஒரே வயித்துப் புள்ளைங்கதானே டாக்டர் தம்பி. ஒருத்திக்குப் பிடிச்ச மருந்து ஒருத்தனுக்கு ஏன் பிடிக்கல?" பரம்பரையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். எம்சி4ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் சிறு வயதிலிருந்தே பசி அடங்காது என்பது வரை போய்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் ராத்திரியில தூங்குறதே இல்லப்பா, அதான்" என்றார். தூக்க ஆய்வு முடிவு வருவதற்கு மூன்று வாரம் முன்னால் நடந்தது இது.

அக்காவுக்குப் பதினைந்தாவது மாதம் காசு முட்டுக்கட்டை போட்டது. டக் ஷாப் குத்தகை ஏறியது, மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஊசியை நிறுத்திவிட்டார். செமாகுளுடைடு ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அதன்பின் செமாகுளுடைடு 2.4-உம் டிர்செபடைடும் எங்கள் ஊர் மருந்துக்கடைகளுக்கே வந்துவிட்டன. விலையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

ஈஸ்டர் வாரம், இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போய்விட்டு அப்படியே கிளினிக்குக்கு வந்தார். ஊசி நிறுத்தி ஏழு மாதம். எடை 106.8. திரும்பி வந்தது 5.6 கிலோ; திரும்பாமல் நிற்பது 11.6. இன்சுலின் மறுபடி தேவைப்படவில்லை, எச்பிஏ1சி 7.6. பழைய 104.3-க்குப் பக்கத்தில் நின்றுவிடுமா, இல்லை 118-ஐ நோக்கி நடக்குமா என்பதில் என் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. ஆடி முடிந்ததும் மறுபடி எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.